எப்போதாவது மட்டும் அதிரும் பிரேக்: பழுதைக் கண்டுபிடித்த ஒரு பட்டறையின் பணி பற்றி

வண்டியை நிறுத்தப்போகும் கடைசி நொடியில், வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும்போது, பிரேக் பெடல் பாதத்துக்கு அடியில் படபடவென்று அதிரும். வண்டி நினைத்த இடத்தில் நிற்காமல் ஒன்றிரண்டு அடி முன்னே வழுகிப்போய் நிற்கும். இருபது முறை நிறுத்தினால் ஒருமுறை இப்படி நேர்ந்தது; சில நாட்களில் நேரவே இல்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் அந்த நேரத்தில் எரிவதில்லை. என்னுடையது பதினான்கு ஆண்டுகள் ஓடிய, முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய கார். இந்தக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து தந்த பட்டறையின் பணியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதியைப் பாராட்டுகிறேன். சிலவற்றைப் பாராட்ட முடியவில்லை.

இந்தப் பட்டறைக்குப் போவதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டு முறை வண்டியைக் கொடுத்திருந்தேன். முதல் முறை முன்சக்கரங்களின் பிரேக் பேடுகளை மாற்றினார்கள். இரண்டாவது முறை, டிஸ்க் கோணலாகியிருப்பதால்தான் அதிர்கிறது என்று சொல்லி இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றினார்கள். அதிர்வு அப்படியே இருந்தது. மூன்றாவது முறை போனபோது மிதியின் விசையைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிப் பார்த்துவிடலாம் என்றார்கள். ‘பார்த்துவிடலாம்’ என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தால் அதிர்வு பெரும்பாலும் நல்ல வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது தெரியும். ஒவ்வொரு முறையும் தெரியும். சக்கரத்தின் சுழற்சியோடு தாளம் பிசகாமல் வந்து, வேகம் குறையக் குறையத் தானும் மெதுவாகும். என் வண்டியில் நடந்தது இதற்கு நேர்மாறு. இந்த வேறுபாட்டைக் கேட்டறிய இரண்டு நிமிடம் போதும்; அந்த இரண்டு நிமிடத்தை அங்கே யாரும் செலவிடவில்லை.

நான் எழுதவந்த இந்த இரண்டாவது பட்டறையில் வண்டியின் முன்மூடியைத் திறப்பதற்கு முன்பே கால் மணி நேரம் கேள்விகளாகவே கழிந்தது. பழுதறியும் வேலையை மட்டுமே பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் கேட்கக் கேட்க, இன்னொருவர் குறித்துக்கொண்டார். வண்டி கிளம்பிய உடனேயே நேர்கிறதா, ஓடிச் சூடான பிறகா? மழையில் கூடுகிறதா? ஸ்டியரிங் திருப்பியிருக்கும்போதா, நேராக இருக்கும்போதா? பெடல் கீழே இறங்குகிறதா, காலை மேலே தள்ளுகிறதா? வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதுவரை நான் கவனித்ததில்லை. அடுத்த முறை நேரும்போது ஸ்டியரிங்கை மிக இலேசாகப் பிடித்திருந்து பாருங்கள் என்றார். அன்று மாலையே பார்த்தேன். வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. அதாவது வலப்பக்கச் சக்கரம் ஒன்று பிடியை விடுகிறது. இந்த ஒரு தகவல் தேடலைப் பாதியாகக் குறைத்துவிட்டது என்று பின்னர் அவர் சொன்னார்.

பெடல் எப்படித் தவறுகிறது என்று அவர் அவ்வளவு விரிவாகக் கேட்டதன் காரணம், விட்டுவிட்டு வரும் பிரேக் கோளாறுகள் ஒவ்வொன்றும் காலுக்கு வெவ்வேறு விதமாகத் தெரியும் என்பதே. சிக்னலில் காலை மெதுவாக அழுத்தியபடி நிற்கும்போது பெடல் சிறுகச் சிறுகத் தரையை நோக்கி இறங்கி, ஓங்கி மிதித்தால் மட்டும் உறுதியாக நின்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாசரைத் தாண்டி ஆயில் பின்வாங்குகிறது என்று ஐயப்படலாம். வெளியே ஒரு சொட்டும் கசியாது, தொட்டியின் அளவும் குறையாது, ஆகவே கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு அது சிக்காது. நீண்ட இறக்கத்தில் இறங்கிய பிறகு பெடல் பஞ்சுபோல் ஆகி, ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பினால், ஆயிலில் நீர் கலந்து ஆவியாகிறது என்று பொருள். வளைவில் திரும்பி வந்த பிறகு முதல் மிதி மட்டும் ஆழமாகப் போய், இரண்டாவது மிதி சரியாக இருந்தால், சக்கரத்தின் பேரிங் ஆடுவதால் டிஸ்க் சாய்ந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். பெடல் கல்லாக இறுகிவிட்டால், மிதிக்கும் விசையை வெற்றிடத்தின் உதவியால் பெருக்கும் வேக்குவம் பூஸ்டரையும் அதற்கு வரும் குழாயையும் பார்க்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருந்தால், உட்புறம் வீங்கிய ரப்பர் குழாய் ஆயிலைத் திரும்ப விடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம். இவற்றில் எதிலும் பெடல் காலின்கீழ் வேகமாகத் துடிப்பதில்லை. ஈரத் தரையில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்போது, அதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு வேலை செய்வதை உணர்ந்தவர்களுக்கு அந்தத் துடிப்பு தெரியும். காய்ந்த தரையில், 10 கிலோமீட்டர் வேகத்தில், மென்மையாக நிறுத்தும்போது அது வரக்கூடாது.

ஐயம் ஏபிஎஸ் பக்கம் சாய்ந்திருந்தபோதும் அடிப்படைச் சோதனைகளை அவர்கள் தாண்டிப் போகவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்து, பூஸ்டரில் மிஞ்சியிருந்த வெற்றிடத்தைத் தீர்த்து, காலை அழுத்தியபடியே எஞ்சினை இயக்கினார்கள். பெடல் சற்றே கீழிறங்கியது, பூஸ்டர் நலம். எஞ்சின் ஓட, இலேசான அழுத்தத்தில் ஒரு நிமிடம் காலை வைத்திருந்தார்கள், பெடல் இறங்கவில்லை. முந்தைய இடத்தில் மாற்றச் சொன்ன மாஸ்டர் சிலிண்டரை இந்த ஒரு நிமிடச் சோதனை விடுவித்தது. பிரேக் ஆயிலை, நுனியைத் தொட்டால் விளக்கெரியும் பேனா வகைக் கருவியால் பார்க்காமல், மாதிரியைச் சூடாக்கிக் கொதிநிலையை அளக்கும் கருவியால் பார்த்தார்கள். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சிய நிலையில் குறைந்தது 155 டிகிரி. என் வண்டியில் 168 காட்டியது. என் புகாருக்கு இது காரணமில்லை, ஆனாலும் மாற்றியே ஆக வேண்டும் என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார்கள். கிடைத்த குறை எதுவானாலும் அதையே காரணமாக்கிக் கணக்கை முடித்துக்கொள்ளாத இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு வந்ததுதான் என் பொறுமையைச் சோதித்த பகுதி. கோளாறைத் தாங்களே நேரில் உணரும்வரை எதையும் கழற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் நாள் காலை வண்டியை எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டினார்கள், ஒன்றும் நேரவில்லை. மீண்டும் ஓட்டினார்கள், ஒன்றும் இல்லை. பிற்பகலில் என்னையே ஓட்டச் சொல்லி அருகில் உட்கார்ந்துகொண்டார் மெக்கானிக். ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடிய பிறகு அதிர்வு வந்தது. அடுத்த பத்து நிறுத்தங்களுக்குள் இன்னும் இரண்டு முறை வந்தது. வண்டியைச் சூடாகவே திருப்பிக் கொண்டுவந்து, பட்டறைக்குள் ஆளில்லாத திறந்தவெளியில், ஏபிஎஸ்ஸின் ஃபியூசைப் பிடுங்கிவிட்டு நடை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் முப்பது முறை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருமுறைகூட அதிரவில்லை. ஃபியூசைத் திரும்பச் செருகியதும் ஏழாவது நிறுத்தத்தில் அதிர்ந்தது. பேடு, டிஸ்க், பேடுகளை அழுத்தும் காலிப்பர், சிலிண்டர் என்று ஆயிலும் இரும்பும் சேர்ந்த பகுதி முழுவதும் அந்த அரை மணி நேரத்தில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கியது. (இந்தச் சோதனையைச் சாலையில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஃபியூஸ் இல்லாதபோது சாதாரண பிரேக் வேலை செய்யும் என்றாலும், பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வசதியும் சேர்ந்தே நின்றுவிடும்; அவசரமாக மிதித்தால் வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடக்கூடும்.)

அதற்குப் பிறகுதான், வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள். முந்தைய இடத்திலும் ஒரு சிறிய கருவியை மாட்டி, ‘கோடு (பழுதுக் குறியீடு) ஒன்றும் இல்லை’ என்று சொல்லியிருந்தார்கள். அந்த வகை மலிவுக் கருவிகள் பெரும்பாலும் ‘பி’ என்று தொடங்கும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிப்பவை. பிரேக், ஸ்டியரிங் சார்ந்தவை ‘சி’ என்று தொடங்கும், அவை ஏபிஎஸ்ஸின் சொந்தக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும். அங்கே போய்ப் படித்தபோது, இப்போது இல்லாத, ஆனால் முன்பு எப்போதோ பதிவான ஒரு குறியீடு கிடைத்தது: வலது முன்சக்கர வேக சென்சாரின் சுற்றில் கோளாறு. நான் உடனே சென்சாரை மாற்றிவிடலாமே என்றேன். ‘சுற்று’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள் என்றார் மெக்கானிக். சென்சார், அதன் கம்பி, இணைப்பான், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும் பல்வளையம், அந்த வளையத்தைச் சுமக்கும் அச்சு, சக்கரத்தின் பேரிங், இவற்றில் எது கெட்டாலும் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிவது வலது முன்சக்கரத்திலிருந்து வரும் செய்தி சரியில்லை என்பது மட்டுமே. நானாக இருந்திருந்தால் நல்ல சென்சார் ஒன்றைக் கழற்றி எறிந்திருப்பேன்.

ஏபிஎஸ் தொழில்நுட்பத்தின் அடிப்படை எண்ணம், 1978-இல் போஷ் நிறுவனத்தின் நான்கு சக்கர ஏபிஎஸ் மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் கிளாஸ் காரில் வந்த காலத்திலிருந்து இன்றுவரை மாறவில்லை: நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஓயாமல் ஒப்பிடு, பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிக விரைவாக வேகம் இழந்தால் அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கொள், அதன் பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்து. சக்கரம் உண்மையில் நன்றாகச் சுழன்றுகொண்டிருந்து, செய்தி மட்டும் பிழையாக வந்தால், கருவி தன் கடமையைச் சரியாகச் செய்து தேவையில்லாமல் பிரேக்கைத் தளர்த்தும். விளக்கு எரியாததற்கும் இதுவே காரணம். கம்பி அறுந்தாலோ செய்தி நெடுநேரம் வராமல் போனாலோ கருவி அதைப் பழுது என்று அறியும். ஒரு கணம் மட்டும் தப்பாக வந்த செய்தி, பூட்டிக்கொள்ளும் சக்கரத்தின் செய்தியைப் போலவே இருக்கும்.

என் வண்டியில் இருப்பது பழைய வகை சென்சார்: ஒரு காந்தம், அதைச் சுற்றிய கம்பிச்சுருள். இரும்புப் பற்கள் அதன் முகத்தைக் கடந்து போகும்போது காந்தப்புலம் ஏறி இறங்கிச் சுருளில் மாறுமின்னழுத்தம் பிறக்கும். இதை மல்டிமீட்டரால் அளக்கலாம். இடது, வலது இரண்டின் மின்தடையும் ஏறத்தாழ ஒரு கிலோ ஓம், வேறுபாடு மிகச் சிறிது. புதிய கார்களில் இருக்கும் மின்னணு வகை சென்சாரை இப்படி ஓம் அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதையும், அது 7, 14 மில்லி ஆம்பியர் என்று இரண்டு படிகளில் மாறும் மின்னோட்டமாகத் தன் செய்தியை அனுப்புகிறது என்பதையும் மெக்கானிக் போகிற போக்கில் சொன்னார். கம்பியை முழுநீளமும் அசைத்து, வளைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தார்கள். இணைப்பானுக்குள் பச்சை படிந்திருக்கவில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்கள். பேரிங்கில் ஆட்டம் இல்லை. மிஞ்சியது வளையம்.

வளையத்தைப் பிடித்தது, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் அலையாக வரையும் ஆசிலாஸ்கோப். ஸ்கேனரின் திரையில் நான்கு சக்கரங்களின் வேகமும் கோடுகளாக ஓடின. வலது முன்சக்கரத்தின் கோடு அவ்வப்போது இலேசாகச் சரிந்தது, சில நிறுத்தங்களில் சரியவே இல்லை. ஸ்கேனர் விநாடிக்குச் சில முறை மட்டுமே எண்ணைப் புதுப்பிக்கும். ஏறத்தாழ 1.9 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் 10 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஒன்றரை முறை சுழல்கிறது. வளையத்தில் 48 பற்கள். ஆக விநாடிக்கு எழுபது பற்கள், ஒரு பல்லுக்கு 14 மில்லி விநாடி. அந்த ஒரு பல்லின் கதையை ஸ்கேனர் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். ஆசிலாஸ்கோப்பின் கம்பிகளை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, இரண்டு முன்சக்கரங்களின் அலைகளையும் ஒரே திரையில் பதிந்தபடி மீண்டும் நாற்பது நிமிடம் ஓட்டினார்கள். இடப்பக்க அலை சீப்புப் பற்களைப்போல ஒரே அளவாக ஓடியது. வலப்பக்கத்தில் நாற்பத்தேழு அலைகள் ஒழுங்காகவும் ஒன்று மட்டும் நீண்டும், மறுபடி நாற்பத்தேழு, மறுபடி ஒரு நீட்சி என்றும் வந்தன. வண்டி ஆறியிருந்தபோது அந்த நீட்சி ஒன்றிரண்டு மில்லி விநாடிதான். சூடேறி, மேடுபள்ளத்தில் குலுங்கி வந்த பிறகு அதே இடம் 20 மில்லி விநாடியாக நீண்டது.

இந்தப் பதிவை எனக்குக் காட்டி மெக்கானிக் போட்ட கணக்கை இங்கே அப்படியே தருகிறேன், ஏனெனில் அதுவரை எனக்குப் புதிராக இருந்த அனைத்தும் அதில் அவிழ்ந்தது. 14 மில்லி விநாடியில் வர வேண்டிய பல் 20 மில்லி விநாடியில் வந்தால், கருவியின் பார்வையில் சக்கரத்தின் வேகம் 10 கிலோமீட்டரிலிருந்து 7 கிலோமீட்டருக்கு அந்த 20 மில்லி விநாடிக்குள்ளேயே விழுந்துவிட்டது. விநாடிக்கு விநாடி 40 மீட்டர் என்ற வீதத்தில் வேகம் குறைவதற்கு அது சமம். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் நான்கு மடங்கு. காய்ந்த தரையில் நல்ல டயர்கூட வண்டியின் வேகத்தை அந்த வீதத்தில் குறைக்க முடியாது; ஆகவே சக்கரம் பூட்டிக்கொண்டது என்ற முடிவுக்குக் கருவி வருகிறது. வேகம் கூடுதலாக இருக்கும்போது ஒவ்வொரு கணக்கீட்டுக்குள்ளும் பல பற்கள் சேர்ந்து சராசரியாகிவிடுவதால் ஒரு பல்லின் பிழை கரைந்துபோகிறது. 5 முதல் 8 கிலோமீட்டருக்குக் கீழே ஏபிஎஸ் பொதுவாகத் தலையிடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய இடைவெளியில், கால் பிரேக்கில் இருக்கும்போது, அந்த நீண்ட பல் சென்சாரைக் கடந்தால்தான் பெடல் அதிரும்.

எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்றியபோது ஷாஃப்ட்டின் வெளிமூட்டின் மேல் இறுக்கி ஏற்றப்பட்டிருந்த வளையத்தில், இரு பற்களுக்கு இடையே குறுக்காக ஒரு விரிசல் இருந்தது. வளையத்துக்கு அடியில் துரு பிடித்துப் பருத்து, உள்ளிருந்து அதைப் பிளந்திருக்கிறது. இரும்பைவிடத் துரு கூடுதல் இடம் கேட்கும் என்பதால் இப்படிப்பட்ட பழுதுகள் பழைய வண்டிகளில் அரிதல்ல. 2005-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1999 முதல் 2002 வரையிலான தன் பிக்கப், எஸ்யூவி வண்டிகள் பலவற்றை, குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களிலிருந்து திரும்ப அழைத்ததற்கும் துருதான் காரணம். அங்கே அது சென்சார் அமரும் பரப்பில் வளர்ந்து சென்சாரை வளையத்திலிருந்து விலக்கியது, குறைந்த வேகத்தில் ஏபிஎஸ் தேவையின்றி வேலை செய்தது.

சூடாகும்போது விரிசல் விரிகிறது, அதனால்தான் நாற்பது நிமிடம் கழித்து வருகிறது என்பது பட்டறையின் விளக்கம். இதில் மட்டும் நான் அவர்களோடு முழுவதும் உடன்படவில்லை. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு பங்குதான் விரியும். 300 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள வளையம் 60 டிகிரி சூடேறினாலும் மொத்த விரிவு கால் மில்லிமீட்டரை எட்டாது. பிளந்த வளையம் பிடிப்பை இழந்து, ஓட்டத்தின் குலுக்கலில் மூட்டின் மேல் மெல்ல நகர்ந்து சரிந்து, பிளவைத் திறந்தும் மூடியும் காட்டியிருக்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கையில் எடுத்தபோது வளையம் விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது என்பதும் இதற்குச் சான்று. எந்த விளக்கம் சரியானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான் என்பதால் நான் வாதிடவில்லை.

பழுதுபார்ப்பு, கண்டுபிடிப்போடு ஒப்பிட்டால், எளிது. டிரைவ் ஷாஃப்ட் முழுவதையும் மாற்றலாம், வளையத்தை மட்டும் மாற்றலாம் என்று இரண்டு வழிகளையும் சொல்லி, மூட்டில் ஆட்டமோ ரப்பர் உறையில் கிழிசலோ இல்லாததால் இரண்டாவதே போதும் என்றார்கள். துருவை உலோகம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, பூச்சுக் கொடுத்து, புதிய வளையத்தைச் சூடாக்கி விரித்து நேராக ஏற்றினார்கள். பற்களின் எண்ணிக்கை 48 தானா என்று எண்ணிப் பார்த்த பிறகே ஏற்றினார்கள். ஒரு பல் கூடக் குறைய இருந்தால்கூட அந்தச் சக்கரம் எப்போதும் வேறு வேகத்தில் ஓடுவதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். சென்சாரின் காந்த முனையில் மீசைபோல ஒட்டியிருந்த இரும்புத் துகள்களைத் துடைத்தார்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் முனையைச் சக்கரத்தோடு இறுக்கும் ஹப் நட்டைப் பழையதையே மாட்டாமல் புதிதாகப் போட்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினார்கள். பிரேக் ஆயிலை மாற்றி, காற்றை வெளியேற்றினார்கள்.

முடித்த பிறகு மறுபடியும் ஆசிலாஸ்கோப்போடு நாற்பது நிமிட ஓட்டம். இரண்டு பக்க அலைகளும் ஒன்றையொன்று ஒத்திருந்த படத்தை, பழைய படத்தோடு சேர்த்து அச்சிட்டுத் தந்தார்கள். பழுது நீங்கியது என்று வாயால் சொல்வதற்கும், முன்னும் பின்னும் எடுத்த அளவைக் கையில் கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை, எப்போதாவது மட்டும் வரும் கோளாறோடு அல்லாடியவர்கள் அறிவார்கள். இரண்டு நாள் அதிர்வு வராவிட்டால் சரியாகிவிட்டது என்று நம்பி ஏமாந்த அனுபவம் எனக்கே உண்டு. வண்டியை எடுத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. மழையிலும், நெரிசலிலும், நீண்ட பயணத்துக்குப் பின்னும் ஒருமுறைகூடப் பெடல் அதிரவில்லை.

இனிக் குறைகள். ஒரு நாளில் முடியும் என்றார்கள். மூன்று நாட்கள் ஆயின. இத்தகைய பழுதைத் தேடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஓரிடம், இத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் உங்களைக் கேட்டுவிட்டே தொடர்வோம் என்று எல்லை வகுத்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் முழுவதும் என்னை யாரும் அழைக்கவில்லை. நான் அழைத்தபோது எடுத்தவருக்கு வண்டியின் நிலை தெரியவில்லை. பில்லில் வேலைகள் அவர்களுக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்துகளில் இருந்தன; மெக்கானிக் நேரில் உட்கார்ந்து விளக்கியிராவிட்டால் வளையம் மாற்றப்பட்டதையே அந்தத் தாளிலிருந்து நான் அறிந்திருக்க முடியாது. பழைய வளையத்தைக் கேட்ட பிறகுதான் தந்தார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. வலப்பக்க வளையம் துருவால் பிளந்தது என்றால், அதே வயதில், அதே சேற்றிலும் நீரிலும் ஓடிய இடப்பக்க வளையத்தின் நிலை என்ன என்ற கேள்வி அவர்களுக்கே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. வண்டியை எடுக்கப்போன அன்று நான் கேட்ட பிறகு, மறுபடி வண்டியை ஏற்றி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றிக் கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்த்தார்கள். விரிசல் இல்லை, ஆனால் வளையத்தின் ஓரத்தில் துரு உப்பியிருந்தது. இவ்வளவு நுணுக்கமாக ஒரு பல்லைத் துரத்திப் பிடித்தவர்கள் எதிர்ப்பக்கத்தை எட்டிப் பார்க்காமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருந்தது.

பேடு மாற்றுவது, ஆயில் மாற்றுவது போன்ற வழக்கமான வேலைகளுக்கு இந்தப் பட்டறை தேவையில்லை; அவற்றுக்கு இங்கே வீணாகக் காத்திருக்க நேரிடும். இரண்டு மூன்று இடங்களில் உதிரிகளை மாற்றியும் தீராத, வரும்போது மட்டும் வந்து, காட்டப்போனால் ஒளிந்துகொள்ளும் கோளாறு உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். போகும்போது எப்போது, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, எந்தப் பக்கம் இழுத்தது என்ற குறிப்புகளை ஒரு வாரத்துக்காவது எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் அதைப் படிக்கிறார்கள். முன்னர் யாராவது ஸ்கேனரில் குறியீடுகளை அழித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஏபிஎஸ் கருவிக்குள் தங்கியிருந்த அந்த ஒரு பழைய பதிவு என் வண்டியில் அழிபடாமல் போனதற்கு, முந்தைய இடத்தின் கருவிக்கு அது எட்டாமல் இருந்ததே காரணம்.

இடப்பக்க வளையத்தையும் மாற்ற அடுத்த மாதம் அதே பட்டறையில் நாள் வாங்கியிருக்கிறேன். இம்முறை வேலை நேரத்தின் எல்லையையும், என்னை அழைக்க வேண்டிய நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுப்பேன்.